இராஜநாயகத்தின் விமானமும் வால் சில்லும்

வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகள் எழும்பத் தொடங்கிய காலத்திலிருந்து முப்பத்துநான்கு வருடம் இராஜநாயகம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எதன் கதவு மழைக்குள் இறுகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு மாடிகளுக்கு நடுவே ஆட்கள் அகப்பட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, மொட்டைமாடி மோட்டர் அறைக்குள் டோர்ச்சை வாயில் கவ்வியபடி நிதானமாக வேலை செய்வார். பதறுகிறவர்களிடம், "பொறுங்கோ. மெஷின் சும்மா நிக்காது. ஒரு காரணம் இருக்கும்" என்பார். அரை மணித்தியாலத்தில் அந்தக் காரணத்தைக் கையோடு கொண்டு இறங்குவார்: தேய்ந்த ஒரு றிலே, கருகிய ஒரு வயர், சில வேளைகளில் ஒரு செத்த பல்லி.

மொட்டைமாடிகள்தான் அவருக்கு விமானப் பைத்தியத்தைக் கொடுத்தன. இரத்மலானையில் இறங்கும் சிறிய விமானங்கள் கடற்கரையோரமாகத் தாழ்ந்து வரும்போது, மோட்டர் அறை வாசலில் நிற்பவருக்கு விமானியின் தொப்பிகூடத் தெரியும். கையில் ஸ்பானருடன் அப்படியே நின்றுவிடுவார். பறக்கப் பழகுவதற்குச் சம்பளம் போதவில்லை. ஆனால் எதையும் தானே செய்து எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆகவே ஐம்பதாவது வயதில் வெளிநாட்டிலிருந்து வரைபடம் எடுப்பித்து, தானே ஒரு விமானம் கட்டத் தொடங்கினார். மரமும் துணியுமான சின்ன விமானம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டே ஆசனங்கள். முன்னே இரண்டு பெரிய சில்லுகள், வாலுக்குக் கீழே உள்ளங்கையளவில் ஒரு சின்னச் சில்லு.

கட்டியது அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளக் கார் தரிப்பிடத்தில். அவருக்குக் கார் இல்லை, ஆனால் இடம் இருந்தது. பக்கத்து இடத்துக்காரர் லண்டனில், அந்த இடமும் காலி. எட்டு வருடம் வார்னிஷ் மணமும் மரத்தூளும் லிஃப்ட் வழியாக ஏழாம் மாடி வரை ஏறின. கட்டடக் குழு நான்கு தடவை கடிதம் கொடுத்தது. லிஃப்ட் நின்றால் ஓடிவருகிற ஆள் என்பதால் ஐந்தாவது கடிதத்தை எழுதாமல் விட்டார்கள்.

அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அந்த எட்டு வருடத்தில் அவர் ஒருநாளாவது கீழ்த்தளத்துக்கு இறங்கவில்லை. ஒரேயொரு தடவை கேட்டார்.

"நாங்கள் சண்டை நேரம் பிளேன் சத்தம் கேட்டாப் புத்தகத்தை எறிஞ்சுபோட்டுப் பங்கருக்குள்ள விழுந்த ஆக்கள். நீங்கள் அதையே வீட்டுக்குக் கீழ வச்சுக் கட்டுறீங்கள். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

இராஜநாயகமும் அதே பங்கர்களுக்குள் இருந்தவர்தான். "இது சின்னது" என்று மட்டும் சொன்னார். அது பதிலல்ல என்பது அவருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் விமானத்தைப் பற்றிய கதை இல்லை.

நாட்டில் டொலர் இல்லாமல் போய் இறக்குமதிகள் நின்ற வருடத்தில், வால் சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை மட்டும் வந்து சேரவில்லை. கொட்டாஞ்சேனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜாபிர், பழைய வான் வண்டி ஒன்றின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுத்தார். ஜாபிர் கப்பல் பம்புகளுக்குத் தண்டு கடைகிறவர். அவர் கையால் வந்த எதிலும் இராஜநாயகத்துக்குச் சந்தேகம் வராது. அடுத்த வருடம் விமானத்தைத் துண்டு துண்டாக லொறியில் ஏற்றி, சிலாபத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தனியார் ஓடுபாதை ஒன்று இருந்தது. தார் அங்கங்கே வெடித்திருந்தாலும் நேரான பாதை. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, சோதனைப் பறப்புக்கு ஆறு மாத அனுமதி கொடுத்தார்கள். அனுமதியில் இரண்டு நிபந்தனைகள். முதலில் தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். பறக்க வைப்பவர் அனுமதியில் பெயர் எழுதப்பட்ட விமானியாக இருக்க வேண்டும்.

அந்தப் பெயர் ஷிஹானுடையது. முப்பத்தாறு வயது, பறப்புப் பயிற்றுநர். வால் சில்லு வைத்த விமானம் ஓட்டிப் பழகியவர்கள் நாட்டில் சிலரே, அவர்களில் ஒருவன். ஒரு சதம் வாங்காமல், ஆசைக்காக ஒத்துக்கொண்டவன்.

முதல் சனிக்கிழமை இராஜநாயகம் தனியே முன் ஆசனத்தில் ஏறி, சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் மேலாக ஓடுபாதை முழுவதும் ஓட்டிப் பார்த்தார். விமானம் சொன்னபடி கேட்டது. மறுநாள் ஷிஹான் வந்து முன்னால் ஏறினான்.

"அங்கிள், நீங்களும் பின்னுக்கு ஏறுங்க. நான் வெளிய பாக்கணும், எஞ்சின் சூட்ட நீங்க பாருங்க."

இருவருமாகப் புறப்பட்டார்கள். வேகம் முப்பத்தைந்து கிலோமீற்றரைத் தொட்டிருக்கும். யாரோ பின்னால் வந்து வாலைப் பிடித்து உதறுகிற மாதிரி விமானம் முழுவதும் நடுங்கத் தொடங்கியது. கால் பெடல்கள் படபடவென்று அடித்தன. முன்னாலிருந்த மானிகளின் முட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இராஜநாயகத்தின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. எட்டு வருடம் ஒட்டியும் தைத்தும் சேர்த்த ஒவ்வொரு துண்டும் அழுகிற மாதிரி இருந்தது அவருக்கு. ஷிஹான் எஞ்சினைக் குறைத்து நிறுத்தினான்.

"ஷிம்மி," என்றான். "வால் சில்லு ரெண்டு பக்கமும் உதறுது. சுப்பர்மார்க்கட் ட்ரொலில பாத்திருப்பீங்களே, அதேதான். இதோட பறக்க ஏலாது அங்கிள். இறங்கி ஓடக்குள்ள வாலக் கழட்டிப் போட்டுரும்."

"ஒரு காரணம் இருக்கும் தம்பி," என்றார் இராஜநாயகம். "பிடிச்சுத் தாறன்."

அந்த வாரம் சில்லைக் கழற்றிக் கொண்டுபோய் ஜாபிரின் மேசையில் வைத்தார். ஜாபிர் பெயாரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றிக் காதருகே பிடித்துக் கேட்டார்.

"ஐயா, இதுல ஒரு பிழையும் இல்ல. புதுசு மாதிரி ஈக்கிது."

"இல்லை நானா, மாத்துவம்."

மாற்றினார்கள். சனிக்கிழமை தனியே ஓட்டினார்; ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷிஹானுடன் ஓட்டினார், ஆடியது. அடுத்த வாரம் சில்லின் பாரத்தைச் சுற்றிவர ஒரே அளவாக்கினார்கள். சனி ஆடவில்லை, ஞாயிறு ஆடியது. தனியே ஓட்டும்போது பயத்தில் மெதுவாக ஓட்டுகிறோம், ஷிஹான் வேகமாக ஓட்டுகிறான், வேகத்தில்தான் விஷயம் என்று இராஜநாயகம் முடிவு கட்டினார். இன்டர்நெட்டில் தன்னைப்போல விமானம் கட்டுகிறவர்களிடம் கேட்டார். பதினேழு பேர் பதினேழு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சில்லின் காற்றைக் கூட்டச் சொல்ல, இன்னொருவர் குறைக்கச் சொன்னார். ஒருவர், சில்லைப் பிடித்திருக்கும் கவை திரும்புகிற அச்சாணியின் சாய்வை அளந்து பார்க்கச் சொன்னார். இராஜநாயகம் கொட்டகைக்குள் மல்லாந்து படுத்து அளந்தார். வரைபடத்தில் உள்ளபடி இம்மி பிசகாமல் இருந்தது.

வெள்ளவத்தை சுப்பர்மார்க்கட்டில் ஒரு வெற்று ட்ரொலியை இழுப்பதும் தள்ளுவதும் குனிந்து அதன் சில்லைப் பார்ப்பதுமாக ஒரு பகல் முழுதும் நின்றார். காவலாளி வந்து, "மஹத்தயா, மொனவத ஓனே?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதை எந்தப் பாஷையிலும் சொல்ல முடியாமல் ஒரு பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆயிரம் லிஃப்டைத் திருத்திய கை ஒரு ட்ரொலிச் சில்லிடம் தோற்றுக்கொண்டிருந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் கை தானாகப் பக்கத்துக்குப் பக்கம் ஆடிக்காட்டும். ஜெகதீஸ்வரி அதைப் பார்த்தபடியே பரிமாறுவார்.

இதற்கிடையில் ஷிஹானுக்கு மாலைதீவில் கடல் விமானம் ஓட்டும் வேலை கிடைத்தது. புறப்பட இன்னும் ஐந்து வாரந்தான்.

நான்காவது ஞாயிறு. சில்லுக்கவை திரும்புகிற அச்சாணியை இராஜநாயகம் நன்றாக இறுக்கி வைத்திருந்தார். முப்பத்தைந்து வந்தது, ஆடவில்லை. நாற்பது. நாற்பத்தைந்து. "அங்கிள், சரி வந்துட்டுது!" என்று ஷிஹான் முன்னாலிருந்து கத்தினான். ஓடுபாதை முடிய முதல் ஷிஹான் வேகத்தைக் குறைத்தான். வேகம் இறங்கிய அந்தக் கணத்தில் சில்லு ஒரே உதறாக உதறிக் குறுக்கே திரும்பியது. வால் ஒருபக்கமாக வீசப்பட்டது. பம்பரம்போல விமானம் சுழன்று, இடது இறக்கையின் நுனி தாரில் மோதி நொறுங்கியது. பிறகு எஞ்சின் நின்ற அமைதி. தென்னோலைகள் அசையும் சத்தம்.

இராஜநாயகத்துக்கு ஒரு கீறலும் இல்லை. கையிலிருந்த ஓட்டும் தடி அடித்த அடியில் ஷிஹானின் வலது மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வாங்கில் இராஜநாயகம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஷிஹானின் மனைவி வந்தாள். அவரைப் பார்த்தாள். நேரே உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கட்டுப் போட்ட கையுடன் வெளியே வந்த ஷிஹான்தான் கதைத்தான்.

"மாலைதீவுக்காரர் ரெண்டு மாசம் பொறுக்கிறோம் எண்டு சொல்லிட்டாங்க. அதப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. ஆனா நான் இனி அதுல ஏறமாட்டன், அங்கிள். கோவத்துல சொல்லல்ல. என்ன பிழை எண்டு தெரியாத ஒண்டுல திரும்ப ஏற எனக்கு ஏலாது."

"ஓம்," என்றார் இராஜநாயகம். அதையேதான் அவரும் ஒருவருக்குச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு ஒரு மாதம் அவர் சிலாபத்துக்குப் போகவில்லை. காலையில் எழும்பி, குளித்து, பல்கனியில் கதிரையைப் போட்டு உட்காருவார். கடலோரத் தண்டவாளத்தில் ரயில்கள் போகும். மத்தியானம் வந்துவிடும். கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் நின்றபோது குழுச் செயலாளர் வந்து கதவைத் தட்டினார். "எனக்கு ஏலாது, கொம்பனிக்குக் கோல் அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்தார். அன்று பின்னேரம் ஜெகதீஸ்வரி அவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உடைஞ்ச செட்டையைத் திருத்த வேண்டாமோ?"

"திருத்தி என்ன செய்ய? ஆர் ஓட்டுறது?"

"ஓட்டுறது பிறகு. உடைஞ்சதை உடைஞ்சபடி விட்டுட்டு இஞ்ச இருந்து முகட்டைப் பாக்கிறதை என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நானும் வாறன்."

இராஜநாயகம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீர் வந்து என்ன செய்யப்போறீர்?"

"பிடிக்கச் சொன்னதைப் பிடிக்கிறன்."

அப்படித்தான் ஜெகதீஸ்வரி அந்த விமானத்தை முதன்முதலாகக் கண்டார். கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். வெள்ளைத் துணி போர்த்திய சிறிய உடம்பு, ஒடிந்த இறக்கை. கிட்ட வந்து, துணியில் ஓடிய தையலைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது நீங்கள் தைச்சதோ? எனக்கு ஒரு பொத்தான் தைச்சுத் தந்ததில்லை" என்றார். இராஜநாயகத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இரண்டு மாதம், சனிக்கிழமை தோறும் கொழும்புக் கோட்டையில் ரயிலேறிப் போய்வந்தார்கள். மரத்தை ஒட்டினார்கள், துணியை இழுத்தார்கள், வார்னிஷ் பூசினார்கள். பின்னர் ஒருநாள், வாலுக்குப் போகும் கம்பிகள் அந்த மோதலில் இழுபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. முன் ஆசனத்தை இராஜநாயகம் கழற்றி வெளியே வைத்திருந்தார்.

"பின் சீற்றில ஏறி இரும். நான் சொல்லேக்க அந்தத் தடியை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும்."

ஜெகதீஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்டூலில் கால் வைத்து ஏறினார். இராஜநாயகம் வாலுக்குக் கீழே படங்கு விரித்துப் படுத்திருந்தார். முகத்துக்கு நேரே வால் சில்லு. மனைவியின் பாரம் ஆசனத்தில் இறங்கியபோது வால் தாழ்ந்தது. வான் வண்டிப் பட்டையால் செய்த ஸ்பிரிங் தட்டையாகப் படிந்தது. அதன் நுனியிலிருந்த அச்சாணியின் தலை மெல்ல, மிக மெல்ல, முன்பக்கம் சாய்ந்தது.

இராஜநாயகம் மூச்சு விடாமல் பார்த்தார்.

"தள்ளவோ?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"தள்ள வேண்டாம். இறங்கும்."

"இப்பத்தானே ஏறினன்!"

"இறங்கும் ஒருக்கா."

இறங்கினார். அச்சாணி நிமிர்ந்து பின்பக்கம் சாய்ந்து, வரைபடத்தில் உள்ள இடத்துக்கே போய் நின்றது.

"ஏறும்."

"என்னப்பா உங்களுக்கு? என்ரை முழங்கால் என்ன இரும்போ?"

"ஏறும் ஈசு, ஏறும்!"

ஏறினார். சாய்ந்தது. அச்சாணியின் தலை பின்பக்கம் சாய்ந்திருந்தால் சில்லு அடங்கி இழுபடும். முன்பக்கம் சாய்ந்தால் நிலைகொள்ளாமல் உதறும். பதினேழு பேரில் ஒருவர் இதைத்தான் சொன்னார். இராஜநாயகமும் அளந்தார். ஆனால் வெறும் விமானத்தை அளந்தார். அளக்கிறவர் கீழே படுத்திருக்கும்போது மேலே யார் இருப்பது? வேகத்தில் ஒன்றும் இல்லை. பின் ஆசனத்தில் ஆள் இருந்த நாளெல்லாம் ஆடியது. இல்லாத நாளெல்லாம் ஆடவில்லை. அந்தப் பின் ஆசனத்தில் இருந்தது அவரேதான்.

அவர் படங்கிலிருந்து எழும்பவில்லை. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஷிஹானின் கட்டுப் போட்ட கைதான் வந்து நின்றது. பாரமேற்றி அளந்து பார்க்கிறது என்பது லிஃப்ட் வேலையில் முதல்நாள் பழகுகிற விஷயம். ஜெகதீஸ்வரி இறங்கிவந்து பக்கத்தில் குந்தினார்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டீங்களோ?"

"ஓம்."

"பிறகேன் அழுறீங்கள்?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

ஷிஹானுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ், காரணம் தெரிஞ்சிட்டுதே," என்றான். "ஆனா அங்கிள், எனக்கு வியாழக்கிழமை ஃப்ளைட். டிக்கட் வந்திட்டு. திரும்பப் பின்போடச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்ல."

"வேண்டாம் தம்பி. நீங்கள் போங்கோ. அந்தக் கை என்னாலைதான்..."

"அப்பிடிச் சொல்லாதீங்க. நானும்தானே பாக்கல்ல."

ஜாபிர் அந்தப் பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "பட்டையோட பலத்தப் பாத்தேன் ஐயா, எவ்வளவு வளையும் எண்டு பாக்கல்லயே." அதைச் சூடாக்கி இன்னும் ஆழமாக வளைத்தார். பட்டை விமானத்தின் உடம்போடு பொருந்தும் இடத்துக்கு ஆப்புப்போல ஓர் அலுமினியத் துண்டு கடைந்து கொடுத்தார். இந்தத் தடவை இரண்டு ஆசனத்திலும் மணல் மூட்டை ஏற்றி அளந்தார்கள். அச்சாணி பின்பக்கமே சாய்ந்து நின்றது.

சில்லு திருந்தியது. ஆனால் அனுமதி முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் விமானியின் பெயர் எழுத வேண்டும். இராஜநாயகம் வால் சில்லு விமானம் ஓட்டத் தெரிந்த மற்ற நால்வரையும் தேடினார். ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது, மருத்துவச் சான்றிதழ் இல்லை. ஒருவர் டுபாயில். ஒருவர் விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். தேநீர் கொடுத்து அனுப்பினார். நான்காமவர் பார்ப்போம் என்றார், பிறகு அழைப்புக்குப் பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போனால் அதிகாரிகள் கதிரை தந்து அன்பாகத்தான் கதைத்தார்கள். விமானி கிடைத்ததும் வாருங்கள் என்றார்கள். அவர்களிலும் பிழை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஷிஹான் மாலைதீவிலிருந்து அடுத்த வருடம் லீவில் வந்தால் பார்க்கிறேன் என்று ஒரு குரல் செய்தி அனுப்பினான். "இன்ஷா அல்லாஹ்" என்று முடித்தான். மனைவி சம்மதிப்பாளா என்பதைச் சொல்லவில்லை. இராஜநாயகமும் கேட்கவில்லை.

மாதத்துக்கு ஒருதடவை எஞ்சினை ஓட்டாவிட்டால் அது கெட்டுப்போகும். அதனால் போய்வருகிறார்கள். போன சனிக்கிழமையும் போனார்கள். காலை பத்து மணியிருக்கும், காற்றில்லாத நாள். பின் ஆசனத்தில் மணல் மூட்டையை ஏற்றப் போனவரை ஜெகதீஸ்வரி தடுத்தார்.

"மூட்டை என்னத்துக்கு? நான் இருக்கிறன்."

"சத்தம் கூடவா இருக்கும்," என்றார் இராஜநாயகம்.

"தெரியும்."

இராஜநாயகமே அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார். முன்னால் ஏறி எஞ்சினை முடுக்கியபோது, பின்னால் இருந்து ஒரு கை வந்து அவர் தோளைப் பிடித்தது. விரல்கள் சட்டையோடு இறுகின. நிறுத்தவா என்று திரும்பிக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைந்தது.

முப்பது. முப்பத்தைந்து. வால் சில்லு கோடு கிழித்த மாதிரி நேரே ஓடியது. நாற்பது, ஐம்பது. பெடல்கள் காலுக்குக் கீழே சாந்தமாக இருந்தன. அறுபதில் வால் தானாக மேலே எழும்பியது. முன்னே மூக்குக்கு மேலாக ஓடுபாதை முழுவதும் தெரிந்தது. முன்சில்லுகள் தாரை மெல்லத் தொட்டுத் தொட்டு ஓடின. இறக்கைகள் பாரத்தை வாங்கிக்கொள்வதை அவர் கையிலிருந்த தடியில் உணர்ந்தார். இன்னும் பத்துக் கிலோமீற்றர் வேகம் போதும். தடியைப் பின்னால் இழுக்கக்கூட வேண்டாம், விட்டாலே ஏறிவிடும்.

இராஜநாயகம் எஞ்சினைக் குறைத்தார். வால் இறங்கியது. வேகம் தணிந்து, ஓடுபாதையின் கடைசியில் விமானம் நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று ஜெகதீஸ்வரி கேட்டார். தோளிலிருந்த கை இன்னும் எடுபடவில்லை. ஆனால் பிடி தளர்ந்திருந்தது.

"எனக்கு அனுமதி இல்லை. பறக்கவும் தெரியாது."

"ஆடேல்லையே."

"ஓம். ஆடேல்லை."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் இறங்கினார்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க எஞ்சினை மறுபடி போடாமல், ஆளுக்கொரு பக்கமாக இறக்கைத் தாங்கியைப் பிடித்து, ஓடுபாதை நெடுகத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார்கள். நடுவழியில் ஜெகதீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் நின்று, பிறகு மீண்டும் தள்ளினார்கள்.